வாஷிங்டன் ஆடிய ‘விக்கெட்’: கிரிக்கெட்டும் பேஸ்பாலும் கலந்த ஆட்டமா?

கேள்வி:
அமெரிக்க விடுதலைப் போரின்போது வேலி ஃபோர்ஜ் பாசறையில் இருந்த ஜார்ஜ் யூயிங் என்பவர், 1778 மே 4 அன்று தளபதி வாஷிங்டன் விருந்துக்குப் பின் தங்களோடு ‘விக்கெட்’ ஆடிப் பெருமைப்படுத்தினார் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இதைக் கிரிக்கெட் என்றே நான் நினைத்திருந்தேன். கிரிக்கெட்டையும் பேஸ்பாலையும் கலந்து உருவாக்கிய ஆட்டம் அது என்கிறார் நண்பர் ஒருவர். அது எப்படி ஆடப்பட்டது?

மறுமொழி 1:
அது தனி ஆட்டம். கனெக்டிகட் பகுதியில் வேரூன்றியிருந்தது. மூன்று ஸ்டம்புகளுக்குப் பதிலாக, ஐந்தடிக்கு மேல் நீளமுள்ள மெல்லிய மரச்சட்டம் ஒன்றைத் தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் படுக்கை வாட்டில் வைத்திருப்பார்கள். பெரிய, கனத்த பந்தை வீசாமல் தரையோடு உருட்டி விடுவார்கள்; மட்டையாளர் நீண்ட பிடியும் அகன்ற நுனியும் கொண்ட மட்டையால் அதைத் தடுத்தடிப்பார். அவ்வளவு அகலமான அந்தச் சட்டத்தைக் காப்பது எளிதன்று. கிரிக்கெட்டின் 1744 விதிகள் விக்கெட்டுக்கு 6 அங்குல அகலமே வகுத்தன என்பதோடு ஒப்பிட்டால், பந்து உருண்டு வரும்போது மட்டையாளர் எவ்வளவு பரப்பைக் காக்க வேண்டியிருந்தது என்பது விளங்கும். அணிக்கு முப்பது பேர் வரை ஆடினார்கள். 1859இல் கனெக்டிகட்டின் பிரிஸ்டல், நியூ பிரிட்டன் ஆகிய ஊர்கள் மோதிய ஆட்டமே இதில் மிகவும் பேசப்படுவது, பிரிஸ்டல் வென்றது.

மறுமொழி 2:
‘கலந்து உருவாக்கியது’ என்பதை நான் ஏற்கவில்லை. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் பேஸ்பால் விதிகளை எழுதியதே 1845இல்தான்; அப்படியிருக்க, 1778இல் ஆடப்பட்ட ஒன்று அதிலிருந்து எதைக் கடன் வாங்கியிருக்க முடியும்? விக்கெட்டைக் கிரிக்கெட்டின் உடன்பிறப்பாகக் கொள்வதே பொருந்தும். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் பேஸ்பால் பரவியபோது விக்கெட் ஒதுங்கிப்போனது வருத்தத்திற்குரியது.

கிரிக்கெட், பேஸ்பால் இரண்டின் இயல்பும் உண்மையிலேயே சேர்ந்திருப்பதைக் காண வேண்டுமானால், கார்டிஃப், நியூபோர்ட், லிவர்பூல் நகரங்களில் ஆடப்பட்ட பிரிட்டிஷ் பேஸ்பாலைப் பாருங்கள். ரவுண்டர்ஸ் என்று வழங்கிவந்த அது 1892இல் பேஸ்பால் என்று பெயர் மாறியது. கிரிக்கெட்டைப் போலவே அணிக்குப் பதினொருவர், இரண்டு இன்னிங்ஸ், எத்திசையிலும் அடிக்கும் உரிமை. பேஸ்பாலைப் போலப் பேஸ்களை (ஓடித் தொட வேண்டிய இடங்களை) சுற்றி ஓட்டம். பந்து கைக்குக் கீழிருந்து வீசப்படும்.

கேள்வியாளர்:
மிக்க நன்றி. ஆண்டுக்கணக்கை நான் யோசிக்கவே இல்லை. பிரிட்டிஷ் பேஸ்பாலில் ரன் எப்படிக் கணக்கிடப்படுகிறது? சுற்று முழுவதையும் முடித்தால்தான் கிடைக்குமா?

மறுமொழி 2:
இல்லை, அங்குதான் அது அமெரிக்க ஆட்டத்திலிருந்து பிரிகிறது. மட்டையாளர் தாம் அடித்த பந்தில் எத்தனை பேஸ்களைத் தொடுகிறாரோ அத்தனை ரன்கள் உடனே சேரும். பிறகு இன்னொருவர் அடிக்கும்போது அவர் நகர்ந்தால் அதற்கு ரன் கிடையாது.