சுரங்கம் மூடிய ஊரில் கடன் கொடுத்த அனுபவம்

என் கணவர் டாக்டர். ஜே-1 விசாவில் வந்தவர்கள் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்கு வாங்க, மருத்துவர் தட்டுப்பாடு உள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தாக வேண்டும். எங்களுக்கு அமைந்தது கிழக்கு கென்டக்கியில் ஒரு பழைய நிலக்கரி ஊர். முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தோம். கிளம்பவில்லை. கிரீன் கார்டு வந்தபின் நான் அங்கேயே ஒரு சமுதாய வளர்ச்சிக் கடன் நிதியத்தில் சேர்ந்தேன். சிடிஎஃப்ஐ என்பார்கள், 1994-ல் வந்த சட்டப்படி அமெரிக்க நிதித்துறை சான்றளிக்கும் அமைப்புகள்.

முதலில் புரிந்தது, இது தர்மப் பணம் இல்லை என்பது. நாங்கள் கொடுப்பதில் பெரும்பகுதி நாங்களே வாங்கிய கடன். வேளாண் துறையின் ஒரு திட்டத்தில் 1 சதவீத வட்டிக்கு, 30 வருடத் தவணையில்கூடப் பணம் கிடைக்கும். “ஒரு சதவீதத்துக்கு வாங்கிவிட்டு எங்களிடம் இவ்வளவா?” என்று கேட்காத ஆளில்லை. ஆனால் எங்கள் வேலைச் செலவும் அந்த வட்டியிலிருந்துதான் வர வேண்டும். 20,000 டாலர் கடனுக்கும் 2 லட்சம் டாலர் கடனுக்கும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். சொல்லப்போனால் சின்னக் கடனுக்குத்தான் அதிகம் அலைய வேண்டும்.

மறக்க முடியாதவர் ஒரு டீசல் மெக்கானிக். சுரங்க வேலை போனபின் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைக்க ஆசை. கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த கட்டடம் 40,000 டாலர். கூரை, மின்சாரம் எல்லாம் சரிசெய்ய இன்னொரு 90,000. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர், வேலை முடிந்தபின்னும் அதன் மதிப்பு 65,000-தான் என்று எழுதிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. பக்கத்தில் அண்மையில் விற்ற கட்டடங்களை வைத்துத்தானே மதிப்புப் போட முடியும்? அங்கே விற்றதே ஓரிரண்டு, அதுவும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டவை. மெக்கானிக்கின் திறமையிலோ கணக்கிலோ குறை சொல்ல எதுவுமில்லை. ஊரின் விலைதான் அவரைத் தோற்கடித்தது. 1,30,000 செலவாகும் இடத்தை நம்பி எந்த வங்கியும் 50,000-க்கு மேல் நீட்டாது.

அவருடைய கிரெடிட் ஸ்கோரும் மோசம். பிரித்துப் பார்த்தால் பாதிக்குமேல் ஆஸ்பத்திரி பாக்கி. அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாடகையும் வண்டித் தவணையும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறாரா என்றுதான் பார்ப்போம். கட்டியிருந்தார். கட்டடத்தோடு அவருடைய கருவிகளையும் பிணையாக எடுத்து, எங்கள் கடன் கமிட்டியில் வாதாடிக் கடனை வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாதத்தில்தான் சறுக்கினேன். தொகை கூடுதலாகத் தெரிகிறதே என்று அவர் கேட்ட 15,000 நடைமுறை மூலதனத்தை நானே வெட்டிவிட்டேன். லாரிக் காண்ட்ராக்டர்கள் பில்லுக்கு 60 நாள் கழித்துத்தான் பணம் தருவார்கள். மூன்றாவது மாதம் கையில் காசில்லாமல், இணையத்தில் பார்த்த ஒரு ‘அட்வான்ஸ்’ கம்பெனியில் 20,000 வாங்கியிருக்கிறார். திருப்ப வேண்டியது 27,000, அதுவும் தினமும் வங்கிக் கணக்கிலிருந்து தானாக உருவிக்கொள்வார்கள். ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. திட்டப் போனேன்; திட்ட வாய் வரவில்லை. அதையும் சேர்த்துப் புதுக் கடனாக மாற்ற இரண்டு மாதம் ஆனது.

* * *

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இப்படிப்பட்ட நிதியத்தில் கடன் வாங்கியவன். மிசிசிப்பி டெல்டாவில் ஒரு சின்ன மருந்துக்கடையை வாங்கினேன். எங்கள் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ‘தீராத வறுமை’ப் பட்டியலில் உள்ளது. 30 வருடமாக 20 சதவீதத்துக்குக் குறையாத வறுமை என்பதுதான் அதற்கு அளவுகோல்.

எஸ்பிஏ என்ற அரசுச் சிறுதொழில் அமைப்பின் மைக்ரோலோனுக்கு (சிறுகடன்) உச்சவரம்பு 50,000 டாலர். எனக்கு அது போதவில்லை, இரண்டு இடத்தில் பிரித்து வாங்கினேன். மூன்று வருட வரித் தாக்கல் கொண்டா, ஸ்டாக் லிஸ்ட் கொண்டா என்று நான்கு மாதம். எரிச்சலின் உச்சத்தில் இருந்தேன். ஆனால் கடன் அதிகாரி அம்மா ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, மருந்து மருந்தாகக் கணக்குப் பார்த்தார். காப்பீட்டு இடைத்தரகர்களான பிபிஎம் தரும் தொகை, சில பிராண்டு மருந்துகளில் நான் வாங்கும் விலையைவிடக் குறைவு. ஒவ்வொரு முறை எடுத்துக் கொடுக்கும்போதும் கைநஷ்டம். அதுவரை விற்பனை கூடுகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்!

வட்டி வங்கியைவிட அதிகம்தான். வங்கி கொடுத்தால் வங்கிக்கே போங்கள். அந்த அம்மாவே அதைத்தான் சொன்னார்.

* * *

நானும் ஒரு கட்டடம் வாங்க இப்படி ஒரு நிதியத்தில் கடன் கேட்டவன். என் அனுபவம் கசப்பு. மூன்று முறை அதிகாரி மாறினார், மூன்று பேரும் அதே காகிதங்களைக் கேட்டார்கள். ஐந்து மாதம் கழித்து அனுமதி வந்தபோது கட்டடத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். நல்ல எண்ணம் இருந்து என்ன பிரயோஜனம்?

* * *

பதிவு எழுதிய நான்தான். கட்டடம் கைநழுவிய உங்களுக்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. எங்களிடமும் ஆள் குறைவு, கமிட்டி மாதம் ஒருமுறைதான் கூடும். இப்போது நாங்கள் செய்வது ஒன்று: விண்ணப்பம் கொடுக்கும் அன்றே, சிறு முன்பணம் கட்டி 120 நாளைக்கு வேறு யாருக்கும் விற்பதில்லை என்று விற்பவரிடம் எழுதி வாங்கச் சொல்கிறோம். எல்லா விற்பவரும் சம்மதிப்பதில்லை.

மெக்கானிக்கைப் பற்றித் தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: கட்டிக்கொண்டிருக்கிறார். போன மாதத் தவணை ஒன்பது நாள் தாமதம். ஆனால் முதல் தேதியே போன் பண்ணி, எந்தக் காண்ட்ராக்டர் பில்லுக்காகக் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார்.