டிஸ்டார்ஷன் பெடலை மிதித்து மேடையில் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் உண்டா?

கருங்கல் கிட்டார்:

இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் கேரல் ஆராதனை. ஆம்ப் (கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டி) கொண்டுபோகவில்லை, மேடையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள், நேரே மிக்சரில் போடச் சொன்னார்கள். பெடல் நம்ம ஆரஞ்சுப் பெட்டிதான், பாஸ் (Boss) கம்பெனியின் டிஎஸ் 1, காலால் மிதித்தால் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்குமே அது, வேறென்ன. வீட்டில் என் 15 வாட் ஆம்பில் அது தேன் மாதிரி ஒலிக்கும், மூன்று மாதம் அதில்தான் பழகினேன். மூன்றாம் சரணத்துக்கு முன்னால் எட்டு பார் (தாளச் சுற்று) தனி வாசிப்பு எனக்கு.

மிதித்தேன். கடந்தல் கூட்டில் கல்லை எறிந்த மாதிரி ஒரு சத்தம். கிட்டார் சத்தமே இல்லை அது, தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி. முன்வரிசையில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பாட்டி, மடியில் பாட்டுப் புத்தகம், புத்தகத்தைக் கீழே விட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். அடுத்த நொடி மைக்செட் அண்ணன் மிக்சரில் என் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பட்டனை) அடியோடு இறக்கிவிட்டார். இரண்டு பார்தான் போயிருக்கும். மிச்சம் ஆறு பாரும் சத்தமில்லாமல் விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நிறுத்தவும் இல்லை. அந்தப் பாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அந்தப் பெடலை மேடைக்கு எடுத்துப் போனதே இல்லை. பெடலே அப்படித்தானா, இல்லை என் கைப்பிழையா? உங்களுக்கு என்ன நடந்தது?

குளச்சல் ஸ்ட்ராட்:

பெடலைக் குறை சொல்லாதீங்க மக்கா. எனக்கு ஆம்ப் இருந்தும் மானம் போச்சு. கடற்கரை ஊர்த் திருவிழா, கொடியேற்றம் முடிந்து நிகழ்ச்சி, ஜெனரேட்டர் கரண்ட், மேடை முழுக்க டியூப் லைட். என் கிட்டாரில் சிங்கிள் காயில் பிக்கப், சுற்றியிருக்கிற மின் இரைச்சலை எளிதாக இழுக்கிற வகை. பாட்டு முடிந்ததும் பெடலை அணைக்க மறந்துவிட்டேன். ஃபாதர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஜெபம் தொடங்குகிறார், ஊரே அமைதி, அந்த அமைதிக்குள் என் ஸ்பீக்கரில் இருந்து மட்டும் "ம்ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், ஃபாதர் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். டிஸ்டார்ஷன் என்பது முதலில் சிக்னலைப் பல மடங்கு பெரிதாக்குகிற வேலை, கூடவே இரைச்சலையும் பெரிதாக்கும். வாசிக்காத நேரத்தில் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது இப்போது எனக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

இன்னொன்று, கடல் பக்கம் இருக்கிறவர்கள் கேபிள் குத்துகிற ஜாக்கைப் பாருங்கள். உப்புக் காற்றில் ஆறே மாதத்தில் பச்சை பிடிக்கிறது. கரகரப்பு வந்தால் பெடலின் டோன் என்று நினைத்து டோனைத் திருகிக்கொண்டே இருப்போம்.

திங்கள்சந்தை மைக்செட்:

கருங்கல் தம்பி, அந்த ஃபேடரை இறக்கியது நான் இல்லை. ஆனால் நானும் இறக்கியிருப்பேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சபைகளிலும் கோயில் கொடைகளிலும் சவுண்ட் பார்க்கிறேன், இதே சங்கதியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு தடவை அசனப் பண்டிகை (சபை விருந்து) மேடையில் ஒரு பையன் மிதித்த மிதியில், கீச்சு ஒலிகளைக் கொடுக்கிற ஹார்ன் ட்வீட்டரே போய்விட்டது, அந்தச் செலவு என் கைக்காசு.

விஷயம் இதுதான், பொறுமையாகப் படி. கிட்டார் ஆம்பில் இருக்கிற ஸ்பீக்கர் பாட்டு கேட்கிற ஸ்பீக்கர் மாதிரி இல்லை. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, அதாவது கீச்சு ஒலிகளில், அது சட்டென்று விழுந்துவிடும், அதற்கு மேல் வருவதை அது கொடுக்கவே கொடுக்காது. டிஸ்டார்ஷன் பெடல் என்ன செய்கிறது? அலையின் தலையை வெட்டுகிறது. வெட்டின இடத்தில் கூர்மையான ஓரம் வரும், அந்த ஓரம்தான் மேல் ஸ்வரங்களாக, 8 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறிப்போகும். ஆம்ப் ஸ்பீக்கர் அதை முழுக்க விழுங்கிவிடும், நமக்குத் தேன் மாதிரி கேட்கும். நீ மிக்சரில் நேரே போட்டால் எங்கள் ஹார்ன் அதை அப்படியே, ஒன்றையும் விடாமல், முன்வரிசையின் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆக, பாட்டி காதைப் பொத்தியது உன் வாசிப்புக்காக இல்லை. ஹார்னில் வந்த அந்த 8 கிலோஹெர்ட்ஸுக்காக.

என்ன செய்யலாம்? முதல் வழி, சின்ன ஆம்பையாவது கொண்டு வா. பத்து வாட் போதும், மேடைக்குப் பின்னால் ஸ்டூலில் வைத்து அதன் ஸ்பீக்கர் முன்னால் நான் ஒரு மைக் வைத்துக்கொள்கிறேன், மைக்கை நடு மையத்தில் வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வைத்தால் இன்னும் மென்மையாக வரும். இரண்டாவது வழி, கேபினட் சிமுலேஷன் (ஆம்ப் ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்கிற வசதி) உள்ள டிஐ பாக்ஸ் (கிட்டாரை மிக்சரோடு இணைக்கிற பெட்டி) அல்லது மல்ட்டி எஃபெக்ட்ஸ், பெடலுக்கு அப்புறம் அதைப் போட்டு அங்கிருந்து மிக்சருக்குப் போ. மூன்றாவது, ஒன்றும் இல்லையென்றால் என்னிடம் முன்கூட்டியே சொல், உன் சேனலில் ஹையை (கீச்சு ஒலிகளை) முழுக்க இறக்கிவிடுகிறேன், டிஜிட்டல் மிக்சர் என்றால் 5 கிலோஹெர்ட்ஸில் லோ பாஸ் (அதற்கு மேலே உள்ளதை வெட்டுகிற ஃபில்டர்) போட்டுத் தருகிறேன். நான்காவது, இதைத்தான் யாரும் கேட்பதில்லை, சவுண்ட் செக்கில் பெடலை மிதித்துக் காட்டு. எல்லாப் பையன்களும் சவுண்ட் செக்கில் கிளீனாகக் கார்டு வாசித்துவிட்டு "சரி அண்ணே" என்று போய்விடுவார்கள். நிகழ்ச்சி நடுவில்தான் மிதிப்பார்கள். எனக்கு எப்படித் தெரியும் தம்பி?

டிஸ்டார்ஷன் அளவைக் கூட்டுகிற டிஸ்ட் குமிழை வீட்டில் வைக்கிற அளவில் பாதி வை. கூட்டத்தில் நீ நினைப்பதை விடக் குறைந்த கெயின்தான் பெரிதாகக் கேட்கும்.

நாகர்கோவில் மெட்டல்:

மைக்செட் அண்ணன் சொன்னது முக்கால்வாசி சரி, ஆனால் ஹையை இறக்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹை போனால் சத்தம் குத்தாது, உண்மை. ஆனால் கிட்டார் கேட்குமா? அதுதான் கேள்வி.

என் கதை கல்லூரி கல்ச்சுரல்ஸ். பெடல் மெட்டல் ஜோன், பாஸ் கம்பெனியுடையதுதான், 1991ல் வந்தது, எல்லாரும் திட்டுவார்களே அதேதான். அறையில் தனியாக வாசிக்கும்போது நடு அலைவரிசையை முழுக்கக் குறைத்து, லோவையும் ஹையையும் ஏற்றி வைத்திருந்தேன், ஒரு கார்டு அடித்தால் சுவர் இடிந்து விழுகிற மாதிரி இருந்தது. மேடையில் டிரம்ஸ், பேஸ், இரண்டு கீபோர்டு. ஆம்பும் இருந்தது, ஒன்றும் குறையில்லை. நான் வாசித்தேன், வியர்த்து ஊற்ற வாசித்தேன். இறங்கி வந்ததும் என் உயிர்த் தோழன் முதல் வரியாகக் கேட்டது: "நீ எப்பலே வாசிச்ச?"

அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. பேஸ் என் லோவைத் தின்றுவிட்டது, சிம்பல் என் ஹையைத் தின்றுவிட்டது, எனக்கென்று இருந்த நடுவை நானே தோண்டி எறிந்துவிட்டேன். அந்தப் பெடலில் நடு அலைவரிசைக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குமிழ், ஒன்று எந்த இடம், இன்னொன்று எவ்வளவு. அதை ஒழுங்காக உட்கார வைத்தால் அது நல்ல பெடல். இன்றைக்கும் அதைத்தான் வாசிக்கிறேன், யார் என்ன சொன்னாலும்.

ஆரஞ்சுப் பெட்டியிலும் இதே வம்பு உண்டு. டிஎஸ் 1ன் டோன் குமிழ் நட்டநடுவில் நிற்கும்போது நடு அலைவரிசை குழியாகும், அந்தச் சர்க்யூட்டே அப்படி. பச்சைப் பெட்டிக்காரர்களை, டியூப் ஸ்க்ரீமர் என்ற இன்னொரு பெடலைச் சொல்கிறேன், பாருங்கள். அது நடுவில், 720 ஹெர்ட்ஸ் பக்கத்தில், மேடு போடும், அதனால்தான் அமெரிக்க ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் மாதிரி ஆட்கள் அதை மிதித்தால் இசைக்குழுவைப் பிளந்துகொண்டு வெளியே வந்தார்கள். சபையில் கீபோர்டு பேட் (பின்னணியில் இழுத்துப் பிடிக்கிற ஒலி) நிறைத்து வைத்திருக்கும்போது ஹையையும் இறக்கி நடுவும் குழியென்றால் கருங்கல் அண்ணன் வாசித்ததும் வாசிக்காததும் ஒன்றுதான்.

திங்கள்சந்தை மைக்செட்:

மெட்டல் தம்பி, நான் நடுவைக் குறைக்கச் சொல்லவே இல்லை. மறுபடி படி. ஹார்னுக்குப் போகக்கூடாததைத்தான் வெட்டச் சொன்னேன். உன் நண்பனுக்குக் கேட்காமல் போனதும் பாட்டி காதைப் பொத்தியதும் ஒரே நோய் இல்லை.

நாகர்கோவில் மெட்டல்:

சரி அண்ணே, அது நியாயம்தான். இரண்டு நோய். ஆனால் இரண்டுக்கும் சேர்த்து மருந்து சொல்லணும் இல்லையா.

வெட்டூர்ணிமடம்:

இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள், நான் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது ரேட் (RAT) என்ற டிஸ்டார்ஷன் பெடல். கறுப்புப் பெட்டி. திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் வாசித்துப் பார்த்து வாங்கினேன், அப்பா கூட வந்திருந்தார். கடையில் வால்வ் ஆம்ப், 12 இன்ச் ஸ்பீக்கர். கடைக்காரச் சேட்டன் மூன்று குமிழையும் தானே திருகி, "இனி வாயிச்சு நோக்கு" என்றார். ஒரு ஈ கார்டு. அப்பாவுக்கு கிட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவரே "நல்லா இருக்கே மக்களே" என்று சொல்லிக் காசை எண்ணிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து போட்டால் கம்பளியைப் போர்த்தின மாதிரி மந்தமான ஒலி. இன்னும் கொஞ்சம் பளிச்சென்று வரட்டும் என்று ஃபில்டர் குமிழை வலப்பக்கம் திருப்பினேன், இன்னும் மந்தம். இன்னும் திருப்பினேன். முழுக்கத் திருப்பிவிட்டேன். ஒரு மாதம் அப்படியே கிடந்தது. அப்பா தினமும் கேட்பார், "அந்தக் கடைச் சத்தம் எங்கே?" நான் என் விரலில்தான் குறை என்று நினைத்துக்கொண்டேன், அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

ரேட்டின் ஃபில்டர் தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால் ஹை குறையும், இடப்பக்கம் திருப்பினால்தான் கூடும். மற்ற பெடல்களின் டோன் குமிழில் பழகின கை எனக்கு. இதை ஒரு நாள் தற்செயலாகத் துடைக்கும்போது குமிழ் இடப்பக்கம் நகர்ந்து, அப்புறம் கம்பியைத் தட்டினபோதுதான் கண்டுபிடித்தேன். அடுக்களையில் இருந்து அப்பா எட்டிப் பார்த்தார். "ஆங், இதுதான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தப் பெடலை நான் விற்க மாட்டேன்.

கருங்கல் அண்ணா, நீங்கள் உங்கள் பெடலைச் சந்தேகப்பட்டீர்கள், நான் என்னைச் சந்தேகப்பட்டேன். இரண்டுமே தப்பு. நிர்வாணா இசைக்குழுவின் கர்ட் கோபேன் மேடையில் மிதித்தது உங்கள் ஆரஞ்சுப் பெட்டியைத்தானே, ஆனால் அவருக்குப் பின்னால் ஆம்புகள் நின்றன.

தக்கலை சால்டரிங்:

யாரும் அடாப்டரைப் பற்றிப் பேசவில்லையே. பையன்கள் என்னிடம் கொண்டுவருகிற பெடல்களில் பாதிக்குமேல் சபைக் கீபோர்டின் அடாப்டரைக் குத்தினதால் செத்தவை. பெடலுக்கு வேண்டியது 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். கீபோர்டு அடாப்டர் பலதும் 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். துளை மட்டும் பொருந்தும். எனக்கே நடந்தது, கேரல் ரவுண்டுக்குப் போகிற டெம்போவில் இருட்டில் கை மாற்றிக் குத்திவிட்டேன். பாட்டு தொடங்கவில்லை, வாசம்தான் முதலில் வந்தது. மறுநாள் அடித்தகட்டின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிப் பார்த்தால், பலகையின் ஓரத்தில் குறுக்காகப் போட்டிருந்த சின்ன டையோடு கருகி இரண்டாக உடைந்து கிடந்தது. தலைகீழ் மின்சாரத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றிவிட்டது. சில ரூபாய்ச் சாமான். மாற்றியதும் பெடல் பழையபடி பாடியது. அடாப்டரில் ஒரு சின்னப் படம் இருக்கும், நடுப்புள்ளியோடு கழித்தல் குறி சேர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பார்க்க முடியாத இடத்தில் 9 வோல்ட் பேட்டரியைப் போட்டுக்கொள்ளுங்கள், அடாப்டர் வழியாக வருகிற இரைச்சலாவது குறையும். வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளை உருவிவிட வேண்டும், இல்லையென்றால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

கருங்கல் கிட்டார்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து ஆளெல்லாம் போனபிறகு, கோயிலுக்குள் பாடகர் வரிசையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். முதலில் அதே மிக்சர், அதே பெடல், அன்றைக்கு வைத்த அதே அளவு. அதே கடந்தல் கூடு. ஒரே ஒரு கார்டுதான், என்னாலேயே தாங்க முடியவில்லை. அப்புறம் நண்பனின் சின்ன ஆம்பை ஸ்டூலில் வைத்து, முன்னால் போதகர் மைக்கை ஓரமாகச் சாய்த்து வைத்தேன். டிஸ்ட் குமிழைக் கடிகார முள் மாதிரி 9 மணி நிலைக்கு இறக்கினேன், டோனை நடுவில் விடாமல் 10 மணிக்குக் கொண்டுவந்தேன், லெவலை ஏற்றினேன். மூன்றாவது கம்பியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து வளைத்தேன். அது அறுபடாமல் நீண்டு நின்றது. வெற்றுக் கோயிலில் கடைசி பெஞ்சு வரை போய்த் திரும்பி வந்தது. அந்த எட்டு பாரை முழுசாக வாசித்தேன்.

வாசலைப் பூட்ட வந்த கோயில்குட்டி (கோயில் ஊழியர்) சாவிக்கொத்தோடு நின்று முடியும்வரை கேட்டார். "இந்த கிறிஸ்மஸுக்கு வாசிக்கியளா?" என்றார். மைக்செட் அண்ணே, டிசம்பர் 23 உங்களுக்கு ஒழிவா இருக்குமா?

திங்கள்சந்தை மைக்செட்:

23 ஒழிவுதான். ஸ்டூல் நான் கொண்டுவாறேன். சவுண்ட் செக் சாயங்காலம் 4 மணி, பெடலை மிதித்துக் காட்டணும்.