மூச்சுக்காற்று கெடுவதற்குள் வேற்றுக்கோளினரிடம் எப்படிப் பேசுவது?

விண்பாதை:

அனைவருக்கும் வணக்கம். ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு பேர் பயணம் செய்யும் விண்கலம் ஒன்றில் விண்கல் மோதி, கரியமில வாயுவை உறிஞ்சும் கருவி முற்றிலும் பழுதாகிவிடுகிறது. தாய்க்கோளிலிருந்து உதவி வருவதற்கு வழியே இல்லை. அந்த நேரத்தில், இதுவரை மனிதர் எவரும் கண்டிராத உயிரினத்தின் கலம் ஒன்று சில கிலோமீட்டர் தொலைவில் வந்து நிற்கிறது. குழுவினரைக் காப்பாற்றக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. கையிலிருப்பதோ 40 மணி நேரம்.

எந்த மொழியையும் நொடியில் பெயர்த்துத் தரும் கருவியை நான் கதைக்குள் கொண்டுவரப் போவதில்லை, ஏனெனில் அது வந்துவிட்டால் நான் எழுத விரும்பும் போராட்டமே இல்லாமல் போய்விடும். குழுவினர் முதலில் லேசர் ஒளித்துடிப்புகளாகப் பகா எண்களை அனுப்புகிறார்கள். மறுபக்கத்திலிருந்தும் பகா எண்களே திரும்பி வருகின்றன. இந்த இடம்வரை எழுதிவிட்டேன், இதற்கு மேல் நகரவில்லை. எண்களிலிருந்து 'நாங்கள் ஆபத்தில் இருக்கிறோம்' என்பதுவரை செல்ல நம்பத்தகுந்த பாதை ஏதேனும் உண்டா? மொழியியலும் பொறியியலும் அறிந்தவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

சொல்வழி:

பகா எண்களை அனுப்புவதில் குற்றமில்லை, ஆனால் அவை சொல்லும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: இங்கே எண்ணத் தெரிந்த ஓர் உயிர் இருக்கிறது. கலத்தைக் கட்டி, ஓட்டி வந்து உங்கள் எதிரில் நிற்பவர்களுக்கு அது முன்பே விளங்கியிருக்கும். ஆகவே அந்தப் பரிமாற்றம் வாசகருக்கு மகிழ்ச்சி தரலாமே தவிர, குழுவினரின் நிலையை ஓர் அங்குலம்கூட முன்னேற்றாது.

1974 நவம்பர் 16 அன்று அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து எம்13 என்னும் விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பப்பட்ட செய்தியை எண்ணிப் பாருங்கள். அதில் 1,679 இரும இலக்கங்கள் இருந்தன. அந்த எண் 23, 73 ஆகிய இரு பகா எண்களின் பெருக்கம் என்பதால், பெறுகிறவர் அவற்றை 73 வரிசைகளாக அடுக்கிப் பார்த்தால் ஒரு படம் தோன்றும் என்பது அனுப்பியவர்களின் கணக்கு. அழகான கணக்குதான். ஆயினும், பெறுகிறவர் கண்ணால் பார்ப்பவராக இருக்க வேண்டும், தட்டையான பரப்பில் வரையப்பட்ட கோடுகளை உருவமாகக் கொள்ளும் பழக்கம் உடையவராக இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்புகள் அதற்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் செய்தி சென்று சேர வேண்டிய தொலைவு சுமார் 25,000 ஒளியாண்டுகள். புரிந்துகொள்ள எவ்வளவு காலம் ஆனாலும் பாதகமில்லை. உங்கள் குழுவினருக்கு அந்த வசதி கிடையாது.

கணிதவியலாளர் ஹான்ஸ் ஃபிராய்டென்டால் 1960இல் வெளியிட்ட லின்கோஸ் என்னும் மொழித்திட்டம் உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அது எண்களில் தொடங்கி, காலத்தைச் சொல்லிக்கொடுத்து, பிறகு நடத்தைக்கு வருகிறது. அங்கே ஒருவர் கணக்குக் கேட்கிறார், மற்றவர் விடை சொல்கிறார், கேட்டவர் அந்த விடையை நன்று என்றோ தீது என்றோ மதிப்பிடுகிறார். இத்தகைய சிறு உரையாடல்கள் பலவற்றைக் கேட்டபின், மதிப்பிடும் குறிகள் எவை என்பது பெறுகிறவருக்குப் பிடிபட்டுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. உங்களுக்குத் தேவையான பகுதி இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எண் கணிதத்தில் நாற்பது பாடம் நடத்துவதைவிட, 'இது வேண்டும்', 'இது வேண்டாம்' என்னும் இரண்டு குறிகளை இரு தரப்பும் ஒரே பொருளில் ஏற்றுக்கொள்ளச் செய்வது மேல்.

பொதுமொழி எதுவும் இல்லாமலேயே புதிய மொழியைக் கற்கும் முறை மனிதரிடையே உண்டு. மொழியியலாளர் கென்னத் பைக், தமக்கு அறிமுகமே இல்லாத மொழியைப் பேசும் ஒருவரோடு மேடையேறி, இலை, குச்சி போன்ற பொருள்களைக் காட்டிக் காட்டியே அந்த மொழியின் அடிப்படை அமைப்பைச் சிறிது நேரத்தில் வெளிக்கொணர்வார். ஆனால் எதிரில் இருப்பவரும் மனிதர் என்பதே அந்த முறைக்கு அடித்தளம். சுட்டப்படும் விரலைப் பார்க்காமல், விரல் காட்டும் திசையைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரியும். உங்கள் வேற்றுக்கோளினரிடம் அதைக்கூட எதிர்பார்க்க இயலாது.

கட்டுப்பாட்டறை:

வான்வழித் தகவல் தொடர்பில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் தரையிறங்க வேண்டிய ஏவியாங்கா 52 விமானம், வானில் நெடுநேரம் காத்திருக்க வைக்கப்பட்டதில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர். எரிபொருள் குறைகிறது என்று விமானிகள் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவசரநிலை என்று முறைப்படி அறிவிக்கவில்லை. தரையிலிருந்தவர்கள் அதை அந்த அளவு கடுமையான நிலையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே தொழில், ஒரே வானொலி, இரு தரப்பும் மனிதர்கள், அப்படியிருந்தும் இது நடந்தது. ஆபத்தில் இருப்பவருக்குத் தம் நிலைமை வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. உங்கள் கதையின் தலைவருக்கும் அந்த எண்ணம் இருக்கட்டும். யாரேனும் ஒருவர் அதை மறுத்துப் பேசட்டும்.

மற்றொன்று, எது செய்தி, எது செய்தி அல்ல என்பதை வேற்றுக்கோளினர் எப்படி அறிவார்கள்? கலத்தின் திசையைச் சரிசெய்யும் சிறு உந்திகளின் பீச்சல், எச்சரிக்கை விளக்குகளின் மினுக்கம், வெப்பம் வெளியேறும் தகடுகளின் அசைவு ஆகிய எல்லாமே அவர்களுக்குப் பேச்சாகத் தெரியலாம். ஆகவே முதல் வேலை தேவையற்ற அனைத்தையும் நிறுத்துவது. லேசரைப் பற்றியும் மறுபடி யோசியுங்கள்; அறிமுகமில்லாத ஒரு கலத்தின்மேல் குவிந்த ஒளியைப் பாய்ச்சுவது தாக்குதலுக்கான குறிபார்ப்பாகக் கொள்ளப்படலாம்.

காட்டுக்குரல்:

விலங்குகளின் நடத்தையைப் படிப்பவள் நான். வேற்றினத்தோடு தொடர்புகொள்வதற்கு நம் கோளிலேயே சான்றுகள் இருக்கும்போது, எண்களிலேயே நின்றுவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

மொசாம்பிக்கில் தேன் எடுக்கும் யாவோ மக்களுக்கும் தேன்காட்டிப் பறவைகளுக்கும் இடையே உள்ள உறவு இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. மனிதர் ஒரு குறிப்பிட்ட ஒலியை எழுப்புகிறார். பறவை வந்து தேன்கூடு இருக்கும் மரத்துக்கு வழிகாட்டுகிறது. மனிதர் தேனை எடுத்துக்கொள்ள, பறவைக்கு மெழுகு கிடைக்கிறது. 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், அந்த மரபான ஒலியைக் கேட்டபோது பறவை வழிகாட்ட வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்றிலிருந்து மூன்றில் இரண்டாக உயர்ந்தது. அவர்களுக்கிடையே இலக்கணம் கிடையாது. இருவருக்கும் பயன் தரும் ஒரு செயல் இருக்கிறது, அதைத் தொடங்கி வைக்கும் ஓர் ஒலி இருக்கிறது. அவ்வளவே. ஆனால் இந்த உறவு எண்ணற்ற தலைமுறைகளில் உருவானது என்பதையும், பறவைக்குக் கிடைக்கும் மெழுகு இல்லையென்றால் இது தோன்றியிருக்காது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. உங்கள் வேற்றுக்கோளினர் ஏன் அங்கே வந்து நின்றார்கள்? அவர்களுக்கு அதில் என்ன பயன்? குழுவினர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது என்று எனக்குத் தோன்றுகிறது.

நேர இடைவெளியையும் கவனியுங்கள். 2021இல் அலாஸ்கா கடற்பகுதியில் ஆய்வாளர்கள் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் அழைப்பொலி ஒன்றைக் கடலுக்குள் ஒலிபரப்பியபோது, ஒரு பெண் திமிங்கிலம் படகை நெருங்கிச் சுமார் 20 நிமிடம் பதிலொலி எழுப்பியது. ஒலிபரப்பின் இடைவெளி மாறியபோது தன் இடைவெளியையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. ஒலியின் பொருள் என்னவென்று ஆய்வாளர்களுக்கே தெளிவாகத் தெரியாத நிலையில், முறைவைத்துப் பேசுவது மட்டும் கைகூடியது. உங்கள் கதையில் பகா எண்கள் அப்படியே திரும்பி வந்ததைவிட, எவ்வளவு நேரம் கழித்து வந்தன என்பதே முக்கியமான தடயமாக இருக்கலாம். பதில் வர மூன்று மணி நேரம் ஆகிறதென்றால், அவர்களுடைய காலவோட்டம் நம்முடையதைவிட மிக மெதுவானது. அப்போது 40 மணி நேரம் என்பது பத்துப் பன்னிரண்டு பரிமாற்றங்களாகச் சுருங்கிவிடும். ஒவ்வொன்றையும் எதற்குச் செலவிடுவது என்று குழுவினர் விவாதிக்கும் காட்சியை நான் படிக்க விரும்புகிறேன்.

விண்பாதை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று மணி நேரத் தாமதத்தை நிச்சயம் எடுத்துக்கொள்கிறேன். இருப்பினும் என் சிக்கலின் நடுப்பகுதி இன்னும் அப்படியே நிற்கிறது. கெட்டுப்போவது காற்று என்பதை, மூச்சு விடுகிறார்களா என்றுகூடத் தெரியாத ஓர் இனத்துக்கு எப்படிக் காட்டுவது?

அழுத்தமானி:

சொல்ல வேண்டாம், கொடுத்துவிடுங்கள். வேதியியல் எங்கும் ஒன்றே. கலம் கட்டும் அளவுக்கு வளர்ந்த எவராலும் ஒரு வாயுவின் கலவையை அளக்க முடியும். கலத்தின் காற்றைச் சிறு மூடிய கலன்களில் அடைத்து, ஒரே கால இடைவெளியில் ஒவ்வொன்றாக இரு கலங்களுக்கும் நடுவே மிதக்க விடட்டும். முதல் கலனில் விபத்துக்கு முன் சேமித்த நல்ல காற்று, அடுத்ததில் சற்றே கெட்டது, அதற்கடுத்ததில் இன்னும் கெட்டது. அந்த ஏறுமுகமே செய்தி.

உங்கள் 40 மணி நேரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். ஆறு பேர், இயல்பான காற்றழுத்தம், 110 கன மீட்டர் அளவுள்ள அறை என்று வைத்துக்கொண்டால், 40 மணி நேரத்தில் அது 5 சதவீதத்தைத் தொடும். ஆக்சிஜன் அப்போதும் 15 சதவீதத்துக்கு அருகில் இருக்கும், அதாவது உயர்ந்த மலைப்பகுதிகளில் மனிதர் வாழும் அளவுக்கு. ஆகவே அவர்களைக் கொல்லப்போவது ஆக்சிஜன் பற்றாக்குறை அன்று, கரியமில வாயுவின் பெருக்கம். பலர் இதை மாற்றி எழுதிவிடுகிறார்கள். 5 சதவீதத்தை நெருங்கும்போது கடும் தலைவலி, மூச்சிரைப்பு, மனக்குழப்பம் ஆகியவை வரும். மிகத் தெளிவான சிந்தனை தேவைப்படும் கடைசி மணிகளில், சிந்திக்கும் ஆற்றலே குறைந்துகொண்டிருக்கும். உங்கள் உரையாடல்களின் வாக்கியங்களே அதைக் காட்டலாம்.

சொல்வழி:

கலன்களின் வரிசை மிக நல்ல யோசனை, ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கதைக்கு அது நன்மையே. கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும் வரிசையைப் பெறுகிறவர், 'இந்த உயிர்கள் கரியமில வாயுவை உண்டாக்க முயல்கின்றன, இன்னும் எட்டவில்லை' என்று புரிந்துகொள்ளலாம். உதவும் எண்ணத்தோடு, தூய கரியமில வாயு நிறைந்த ஒரு பெரிய கலனை அவர்கள் அனுப்பினால்? ஏறுமுகம் மாற்றத்தைக் காட்டுகிறது; அந்த மாற்றம் விரும்பத்தக்கதா இல்லையா என்பதைக் காட்டவில்லை. நான் முன்பு சொன்ன இரண்டு குறிகள் இங்கேதான் தேவைப்படுகின்றன, அவற்றை ஒளித்துடிப்பாகக் கற்பிக்க நேரமும் இல்லை.

ஆனால் செயலாலேயே அது முடியும் என்று தோன்றுகிறது. அவர்கள் அனுப்பிய கரியமில வாயுவைக் குழுவினர் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பட்டும். அடுத்து எதை அனுப்பினாலும், பயனுள்ளதை உள்ளே எடுத்துக்கொண்டு, பயனற்றதைத் திருப்பட்டும். வைத்துக்கொள்வது ஆம், திருப்புவது இல்லை. காட்டுக்குரல் அவர்கள் சொன்ன பத்துப் பன்னிரண்டு பரிமாற்றங்களுக்குள் இது அடங்கிவிடும். முதல் கலனில் இருந்த நல்ல காற்றை மட்டும் இரண்டாம் முறையும் அனுப்பி, அதன் பின்னால் வெறும் கலன் ஒன்றையும் அனுப்பினால், 'இதில் அதை நிரப்புங்கள்' என்று புரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு உண்டு. உறுதி இல்லை, வாய்ப்பு மட்டுமே.

விண்பாதை:

திருப்பி அனுப்பப்படும் அந்தக் கலன்தான் என் கதையின் நடுக்காட்சி. இப்போதே எழுதத் தொடங்குகிறேன். மூச்சுத் திணறும் ஒருவர், வந்த உதவியைக் கையால் தள்ளிவிட வேண்டிய நிலை. குழுவில் ஒருவர் அதை அவமதிப்பு என்று அவர்கள் கொள்ளக்கூடும் என அஞ்சித் தடுக்கப் பார்ப்பார்.

கடைசியாக ஒரே ஒரு ஐயம். புரிந்துகொண்டபின், அவர்கள் தம் கலத்தை இணைத்துக் கதவைத் திறந்துவிடுவதாக முடிக்கலாமா?

அழுத்தமானி:

தயவுசெய்து நேரடியாகத் திறக்க விடாதீர்கள். 1975 ஜூலை 17 அன்று அப்பல்லோவும் சோயுஸும் விண்வெளியில் இணைந்தபோது, இரண்டுமே மனிதர் கட்டிய கலங்களாக இருந்தும், அப்பல்லோவில் குறைந்த அழுத்தத்தில் தூய ஆக்சிஜனும், சோயுஸில் அதைவிட உயர்ந்த அழுத்தத்தில் நைட்ரஜன் கலந்த காற்றும் இருந்தன. அதனால் இடையே ஒரு தனி அறை கட்டி, ஒருபக்கக் கதவை மூடி, அழுத்தத்தைச் சரிசெய்த பிறகே மறுபக்கத்துக்குச் சென்றார்கள். அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியிலும் சோவியத் வீரர்கள் ஆங்கிலத்திலும், அதாவது கேட்பவரின் மொழியில் பேசிக்கொண்டார்கள் என்பதும் உங்களுக்குப் பயன்படலாம்.

வேற்றுக்கோளினரின் காற்று என்னவென்று குழுவினருக்குத் தெரியாது. அவர்களுடைய கலன் ஒன்றைத் திறந்து அளந்திருந்தால் ஒழிய, தெரியவும் வழியில்லை. ஆகவே கலன்கள் வழியாகவே காற்று வந்து சேரட்டும். கதவு மூடியே இருக்கட்டும். அவர்கள் நிரப்பி அனுப்பும் முதல் கலனில் ஆக்சிஜன் அளவு சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பதாக எழுதுங்கள். குழுவினர் அதை வைத்துக்கொள்வதா, திருப்புவதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும்.