2010-இல் பென்னி மெக்கார்த்தியை விட்டுவிட்டுப் போனது சரியா?

பந்துக்காரன்:
தூக்கம் வராமல் நேற்று 2010 உலகக் கோப்பையின் தென்னாப்பிரிக்கா - பிரான்ஸ் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. இடம் புளூம்ஃபான்டைன். இடைவேளையில் நம்ம பஃபானா பஃபானா, அதாவது தென்னாப்பிரிக்க அணி, 2-0 முன்னிலை. கூர்குஃப் சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட்டதால் பிரான்ஸில் பத்துப் பேர்தான். அதே பிரிவின் இன்னொரு ஆட்டத்தில் மெக்சிகோ உருகுவேயிடம் 1-0 பின்தங்கியிருக்கிறது. இன்னும் இரண்டே கோல், அடுத்த சுற்று. அந்த 45 நிமிடத்தில் ஒன்றுகூட விழவில்லை, மாறாக மலூடா ஒன்றைத் திருப்பி அடித்தார். உலகக் கோப்பையை நடத்தும் நாடு முதல் சுற்றிலேயே வெளியேறியது அதுவே முதல் முறை. நாட்டுக்காக 31 கோல் அடித்த பென்னி, இன்றுவரை அந்தப் பட்டியலில் முதலிடம், அப்போது வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். அவரைச் சேர்க்காமல் பயிற்சியாளர் பரேரா செய்தது மாபெரும் தவறு. மறுப்பவர்கள் வரலாம்.

நடுக்களம்:
வந்துவிட்டேன். 31 கோல் எப்போது அடித்தது என்பதையும் சொல்லுங்கள் நண்பரே. 2010 தொடக்கத்தில் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கிளப்புக்குப் போனார், போனவுடனே முழங்காலில் அடி. அப்புறம் எடைப் பிரச்சினை. அங்கே இருந்த மொத்தக் காலத்திலும் லீகில் ஒரு கோல்கூட இல்லை, 2011-இல் ஒப்பந்தத்தையே முடித்து அனுப்பிவிட்டார்கள். அதே பருவத்தில் கட்லெகோ ம்பேலா சன்டவுன்ஸுக்காக 17 கோல் அடித்து உள்ளூர் லீகில் முதலிடம். இருவரில் நீங்கள் யாரை எடுப்பீர்கள்? பரேரா 1994-இல் பிரேசிலுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். பெயரைப் பார்த்து ஆள் எடுப்பவர் இல்லை.

பந்துக்காரன்:
ம்பேலாவை எடுத்துவிட்டு பென்னியைப் போடு என்று யார் சொன்னது? பட்டியல் 23 பேர் கொண்டது. கடைசி ஒரு இடம் போதும்.

ஆஃப்சைடு அண்ணாச்சி:
தம்பிகளா, சண்டையை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். 2004 பிப்ரவரியில் போர்ட்டோ - மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தை நான் விடிய விடிய விழித்திருந்து பார்த்தவன். முதல் கோல் யுனைடெடுக்கு, அடித்தவர் குவின்டன் ஃபார்ச்சூன். அவரும் கேப் டவுன்காரர். பிறகு பென்னி. காற்றில் வந்த பந்தைத் தரையில் விழவிடாமல் அப்படியே ஒரு உதை, யுனைடெட் கோல்கீப்பர் டிம் ஹோவர்ட் பாய்ந்தும் பயனில்லை. 78-ஆவது நிமிடத்தில் ஒரு ஹெட்டர். இரண்டு தடுப்பாளர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள், இவர் அவர்களுக்கு மேலே எழும்பி, பந்தைக் குறுக்கே வளைத்துத் தூரத்து மூலையில் போட்டார். மூன்று கோலும் ஒரே ஊர்ப் பையன்கள் அடித்தது! இரண்டாவது ஆட்டத்தில் கடைசி நிமிடம் கோஸ்டின்ஹா கோல் போட, போர்ட்டோ பயிற்சியாளர் மொரின்ஹோ மேல்கோட்டைப் பறக்கவிட்டு ஓடினாரே, அந்த ஃப்ரீ கிக்கை அடித்ததும் பென்னிதான். ஹோவர்ட் தட்டிவிட்டதைத்தான் கோஸ்டின்ஹா உள்ளே தள்ளினார். இதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அந்த வருடம் போர்ச்சுகல் லீகில் 20 கோல், சாம்பியன்ஸ் லீக் கோப்பை. அதை வாங்கிய ஒரே தென்னாப்பிரிக்கர்.

நடுக்களம்:
அண்ணாச்சி, உருகி எழுதியிருக்கிறீர்கள், படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது 2004. நான் கேட்பது 2010.

மாலதி:
நான் நடுக்களம் பக்கம்தான், காரணம் வேறு. எடை, அடி எல்லாம் பிறகு. 2002 உலகக் கோப்பை முடிந்ததும் 24 வயதில் நாட்டு அணியிலிருந்து ஓய்வு என்று அறிவித்தார். பிறகு திரும்பி வந்தார், மறுபடி மனஸ்தாபம். 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக்கு அப்போதைய பயிற்சியாளர் சான்டானா அவரைச் சேர்க்கவில்லை. அவர் இல்லாத அந்த அணி சொந்த மண்ணில் அரையிறுதி வரை போனது. பிரேசிலிடம் தோற்றது கடைசி நேரத்து ஃப்ரீ கிக்கில், 1-0. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக ம்பேலா இரண்டு கோல். வருகிறேன், வரவில்லை என்று வருடக்கணக்கில் இழுத்தவருக்காக, வந்துகொண்டே இருந்த பையன்களில் ஒருவரை எப்படிக் கழற்றுவது?

பந்துக்காரன்:
மாலதி, அந்த இழுபறியில் பாதிக் குற்றம் காலண்டருடையது. ஆப்பிரிக்கக் கோப்பை அப்போது நடப்பது ஜனவரி, பிப்ரவரியில், ஐரோப்பிய லீக் நட்டநடுவில். போனால் திரும்பி வரும்போது அவர் இடத்தில் வேறொருவர் ஆடிக்கொண்டிருப்பார். ஸ்பெயினின் செல்டா வீகோ கிளப்பில் அவருக்கு நிலையான இடமே கிடைக்கவில்லை. போர்ட்டோவுக்கு இரவல் போய் 11 லீக் ஆட்டத்தில் 12 கோல் அடித்த பிறகுதான் ஆள் யார் என்று தெரிந்தது. ஹனோவர் பார்க் தெரியுமா? கேப் டவுனின் தட்டையான மணல்வெளி, கும்பல் சண்டைக்குப் பெயர்போன குடியிருப்பு. அங்கிருந்து நெதர்லாந்தின் அயாக்ஸுக்கு வந்த பையன் கிளப் இடத்தை உயிரைப் போலப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

மாலதி:
பரிதாபம் புரிகிறது. ஆனால் அதே கண்டத்திலிருந்து வந்த மற்றவர்களும் அதே ஜனவரியில்தான் போய் ஆடினார்கள். ஐவரி கோஸ்டின் ட்ரோக்பா போகவில்லையா?

பந்துக்காரன்:
ட்ரோக்பா பெயரை எடுத்தது நல்லதாகப் போயிற்று. 2006-07 பிரீமியர் லீக்கில் செல்ஸியின் ட்ரோக்பா 20 கோல், அடுத்த இடம் பிளாக்பர்ன் ரோவர்ஸின் பென்னி 18. செல்ஸிக்கும் பிளாக்பர்னுக்கும் பந்து வந்து சேரும் வசதியை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நடுக்களம்:
அதுவும் மூன்று வருடம் முந்தையது. ஒவ்வொரு முறையும் பழைய ஆல்பத்தைத்தான் திறக்கிறீர்கள்.

ஆஃப்சைடு அண்ணாச்சி:
ஆல்பத்தில் இன்னொரு படம் காட்டிவிட்டுப் போகிறேன், கோபிக்காதே. 1998 ஆப்பிரிக்கக் கோப்பை, புர்கினா ஃபாசோ. வயது 20. நமீபியாவுக்கு எதிராக 13 நிமிடத்தில் நான்கு கோல். தொடரில் மொத்தம் ஏழு, சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அதே வருடம் டென்மார்க்குக்கு எதிராக அடித்ததுதான் உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் முதல் கோல். மறதி நல்லதல்ல தம்பி.

நடுக்களம்:
மறக்கவில்லை அண்ணாச்சி. 2010-இல் அவர் கால் ஓடவில்லை என்கிறேன், அவ்வளவுதான். பரேரா ஜூன் 1-ஆம் தேதி கடைசிப் பட்டியலை வெளியிடுவதற்கு முன் பயிற்சியில் நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தார். நீங்களும் நானும் பார்த்தது டிவியில்.

பந்துக்காரன்:
ஓட வேண்டாம். 90 நிமிடமும் வேண்டாம். 2004 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மொரின்ஹோவே அவரை 78-ஆவது நிமிடம்தான் இறக்கினார், டெர்லேக்குப் பதிலாக. 2010-இன் முதல் ஆட்டத்தில் மெக்சிகோவுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் ம்பேலா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஓடிக் களைத்த கால். அந்த நேரத்துக்கென்று பெஞ்சில் ஒருவர். கோல் முன்னாலிருக்கும் பெனால்டி பெட்டிக்குள் நின்றால் போதும். பிரான்ஸுக்கு எதிராக, பத்துப் பேருக்கு எதிராக, கடைசி இருபது நிமிடம். அவரைவிட வேறு யாரை அனுப்புவீர்கள்? பெயர் சொல்லுங்கள்.

மாலதி:
நான் பெயர் சொல்லமாட்டேன். தூங்கப் போகிறேன்.

நடுக்களம்:
சரி. அந்த இருபது நிமிடத்தை மட்டும் உங்களுக்கு விட்டுத் தருகிறேன். உருகுவேயிடம் 3-0 வாங்கியதற்கும் பென்னிதான் மருந்து என்று நாளைக்கு வந்து நிற்காதீர்கள்.