கிடங்கு நிரம்பிவிட்டது: நகரும் ரேக் போட்டால் தீருமா?

கேள்வி:
எங்கள் கலைக்கூடத்தின் கிடங்கில் இனி இடமில்லை. ஓவியங்களை நடைவழியில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறோம். ஒன்றை எடுக்க ஏழெட்டை நகர்த்த வேண்டும். புதுக் கட்டடம் இப்போதைக்கு இல்லை. தண்டவாளத்தில் ஓடும் ரேக் போட்டால் கொள்ளளவு இரட்டிப்பாகுமாமே?

பதில் 1:
கிட்டத்தட்ட ஆகும். ஆனால் ரேக்கை முதலில் வாங்காதீர்கள். பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாக்கும் சர்வதேச அமைப்பான இக்ரோமின் (ICCROM) ரீ-ஆர்க் (RE-ORG) என்ற கிடங்குச் சீரமைப்பு முறைப்படி, எந்தப் பொருளையும் 3 நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும்; அதை எடுக்க வேறு இரண்டுக்கு மேல் நகர்த்தக் கூடாது. முதலில் காலிப் பெட்டிகள், பழைய காட்சி மேடைகள், விற்காத கண்காட்சிக் கையேடுகள் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். பிறகு ஒவ்வொரு படைப்பையும் ஃபிரேமோடு அளந்து, அளவுவாரியாகப் பிரியுங்கள். ஓவியர் பெயர், காலம் என்று அடுக்கினால் சின்னப் படத்துக்கு மேலே பெரிய வெற்றிடம் வீணாகும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2021-இல் திறந்த பாய்மன்ஸ் அருங்காட்சியகக் கிடங்கான டிப்போவில்கூட அளவையும் தட்பவெப்பத் தேவையையும் வைத்துத்தான் அடுக்கியிருக்கிறார்கள்.

பதில் 2:
ரேக்கு விஷயத்தில் தளம்தான் முக்கியம். சாதாரண அலுவலகத் தளம் சதுர மீட்டருக்கு 250-300 கிலோவைக் கணக்கிட்டுப் போடப்படுகிறது. நிறைந்த நகரும் ரேக் 1,000 கிலோவைத் தொடலாம். கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துபூர்வச் சான்று இல்லாமல் ஆர்டர் கொடுக்க வேண்டாம். தளம் சற்றே தொய்ந்தாலும் தண்டவாள மட்டம் போய்விடும். ரேக் சிக்கும், அல்லது தானாக உருளும். மூடிய ரேக்குகளுக்குள் காற்றோட்டமும் குறைவு. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வரும். அடித்தட்டு தரையிலிருந்து 10-15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பாஸ்டல் (சுண்ணக்கோல் போன்ற வண்ணக்குச்சியால் வரைந்தவை), வண்ணம் உதிரும் ஓவியங்கள் நகரும் ரேக்கில் கூடவே கூடாது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் உதிரும்.

பதில் 3:
ரேக் வரும்வரை சாய்த்துத்தான் வைக்க வேண்டுமென்றால், முகத்தோடு முகம், முதுகோடு முதுகு. நடுவில் ஃபிரேமைவிடப் பெரிய அட்டை. ஃபிரேமின் பின்னாலுள்ள தொங்கு வளையங்களைக் கழற்றிவிடுங்கள் அல்லது உள்பக்கம் மடக்கிவிடுங்கள்; பக்கத்துக் கேன்வாஸைக் கிழிப்பது பெரும்பாலும் அவைதான்.

காகிதப் படைப்புகளில் இடம் நிறைய மிச்சமாகும். ஃபிரேமில் 3-4 செ.மீ. தடிமனாக நிற்கும் அச்சோவியம், ஃபிரேமிலிருந்து எடுத்து அமிலமற்ற அட்டையில் பொருத்தினால் அரை செ.மீ.கூட இருக்காது. பழைய ஃபிரேம்களை எறியாமல் பதிவு எண்ணோடு தனியே வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. அடித்தளத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறதே?

பதில் 1:
மேலே தண்ணீர்க் குழாயோ அருகில் ஆறோ இருந்தால் வேண்டாம். செய்ன் நதி வெள்ள அபாயத்தால்தான் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம், வட பிரான்சின் லியேவனில் 2019-இல் தனிக் கிடங்கு திறந்து படைப்புகளை அங்கே மாற்றத் தொடங்கியது.

இன்னொன்று: புதிதாக ஏற்கும் படைப்புக்கான படிவத்தில் 'எந்த ரேக், எந்தத் தட்டு' என்று ஒரு கட்டம் சேருங்கள். அது நிரம்பாமல் குழு கையெழுத்திடக் கூடாது. இருக்கும் படைப்புகளைத் தொகுப்பிலிருந்து விலக்கி இடம் பிடிக்கலாம் என்றால், உரிமைப் பத்திரம், கொடையாளர் நிபந்தனை எல்லாம் சரிபார்த்து முடிக்கவே நெடுநாள் ஆகும்.