தமிழ்–முஸ்லிம் உறவுத் திட்டத்தின் பலனை அளக்க ஆலோசனை தேவை (மட்டக்களப்பு, அம்பாறை)

களஆய்வு அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்.

திட்டம் நடந்த 12 கிராம சேவகர் பிரிவு, நடக்காத 12, பிரிவுக்கு 20 பேர் வீதம் 480 நேர்காணல். ஒரே ஊரார் ஒரே மாதிரிப் பதில் சொல்லும் அளவை (ஊருக்குள் ஒட்டுறவு) 0.05 என்று வைத்தால், வடிவமைப்பு விளைவு (அதனால் மாதிரியை வகுக்க வேண்டிய எண்) 1.95. மிஞ்சுவது 246 பேரின் பெறுமதிதான்.

அதைவிடத் தலைவலி பதில்கள். "மற்றச் சமூகத்தை நம்புறீங்களா?" என்றால், "ஓம், ஒற்றுமையாத்தான் இருக்கிறம்" என்றே வரும். ஆகவே பட்டியல் முறையை யோசிக்கிறோம்: பாதிப்பேருக்கு 4 கூற்று, மீதிப்பேருக்கு அதே நான்கோடு கூச்சம் தரும் ஐந்தாவது. எத்தனை பொருந்தும் என்று மட்டும் கேட்பது. இரு பகுதியினரின் சராசரி வித்தியாசமே ஐந்தாவது கூற்று பொருந்துவோரின் பங்கு. ஆனால் பதில்களின் நியம விலகல் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 1 என்றால் பிழை எல்லை ±18 சதவீதப் புள்ளி. திட்ட ஊர்களைத் தனியே பார்த்தால் ±25! இதற்குச் செலவழிப்பது வீண் என்றே படுகிறது.

மாற்றாக நடத்தையைக் கேட்கலாம்: கடந்த 3 மாதத்தில் மற்றச் சமூகத்து ஊர்ச் சந்தைக்குப் போனீர்களா, கடனுக்குச் சாமான் வாங்கினீர்களா, கலியாணத்துக்கு அழைத்தார்களா? கிழக்கில் இப்படிக் கேட்டுப் பார்த்த வினாத்தாள் யாரிடமாவது உண்டா?

பொலிஸ் முறைப்பாட்டு எண்ணிக்கை வேண்டாம். பொலிஸில் நம்பிக்கை கூடி ஆட்கள் முறையிடத் துணிந்தாலும் அது கூடும். காத்தான்குடி, ஆரையம்பதி போல ஒட்டிக்கிடக்கும் ஊர்களில் ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்தால் பலன் அங்கும் கசியும். எத்தனை கிலோமீற்றர் இடைவெளி விடுகிறீர்கள்?

தொடக்க ஆய்வும் இல்லை. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு முந்திய உறவை இப்போது நினைவிலிருந்து கேட்டால், தாக்குதலுக்குப் பிந்திய கசப்பு கலக்காமல் எடுக்க வழி உண்டா?