மகளுக்கு இரும்புச்சத்து சிரப் வயிற்றில் தங்கவில்லை, உதவுங்கள்

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு 2 வயது 8 மாதம், எடை 10.2 கிலோ. மூன்று மாதத்துக்கு முன் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.9. இந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. டாக்டர் இரும்புச்சத்து சிரப் எழுதிக் கொடுத்தார்.

அரிசி டின்னைத் திறந்து பச்சை அரிசியை அள்ளி நறநறவென்று மெல்லுகிறாள். விளையாட்டு என்றுதான் முதலில் விட்டுவிட்டேன். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகள் அரிசி, மண் என்று தேடித் தின்னும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிக் கிடக்கிறது. நாலு படி ஏறினால் தூக்கச் சொல்கிறாள், மனசு தாங்கவில்லை.

தேத்தண்ணியை அடியோடு நிறுத்திவிட்டேன், அது இரும்பை உடம்பில் சேரவிடாது. பால் புட்டி ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. முட்டை, நெத்திலி, கோழி ஈரல், கூடவே கொய்யா கொடுக்கிறேன், ஓரளவு சாப்பிடுகிறாள். சிரப்தான் பிரச்சினை. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி, சாப்பிட்ட பிறகு கொடுத்தாலும் பாதி வெளியே வருகிறது. ஆரஞ்சு சாற்றில் கலந்தால் துப்பிவிடுகிறாள். போன வாரம் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.1தான். டாக்டரை அடுத்துப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இதே சிரப் கொடுத்த அம்மாக்கள் சொல்லுங்கள்: வாந்தி வராமல் உள்ளே போக, எந்த நேரத்தில், எதோடு கொடுத்தீர்கள்?